பூட்ஸைக் கழற்றும் அப்பா

சினிமாவில் குழந்தை நட்சத்திரத்துக்கு மூன்றே உத்தியோகம்தான். ஒன்று, அழுவது. இரண்டு, கடத்தப்படுவது. மூன்று, எழுபது வயசுத் தாத்தா பேச வேண்டியதை ஏழு வயசில் பேசி, பிரிந்துபோன அப்பா அம்மாவைக் கடைசி ரீலில் சேர்த்துவைப்பது. இந்த விஷயத்தில் ஹாலிவுட்டுக்கும் கோடம்பாக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே குழந்தை ஸ்வெட்டர் போட்டிருக்கும், அவ்வளவுதான்.

இந்த மூன்றில் எதையும் செய்யாமல், வசனம் என்று சொல்லும்படி எதுவும் பேசாமல், ஓரமாக வந்து போய்க்கொண்டிருந்த ஒரு குழந்தை, கடைசி இரண்டு நிமிஷத்தில் மொத்தப் படத்தையும் தூக்கிக் கவுன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டது. படத்தின் பெயர் 'டேக் ஷெல்ட்டர்'. வருஷம் 2011.

அமெரிக்கப் படம்தான், ஆனால் ஹாலிவுட் படம் இல்லை. 'இண்டிபெண்டண்ட்' என்கிறார்கள். அதாவது, பெரிய ஸ்டூடியோ எதுவும் பணம் போட்டு எடுக்கவில்லை. ஆகவே ஹீரோ ஹெலிகாப்டரில் தொங்க மாட்டார். டைரக்டர் ஜெஃப் நிக்கோல்ஸுக்கு இது இரண்டாவது படம். 2011 ஜனவரியில் ஸன்டான்ஸ் விழாவில் முதலில் காட்டினார்கள். மே மாதம் கான் விழாவில் விமர்சகர் வாரப் பிரிவின் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனது.

ஆபீசில் பக்கத்து சீட்காரரிடம் இதைச் சொன்னேன்.

"பரிசு வாங்கின படமா? அப்ப தூங்கலாம்னு சொல்லுங்க!"

"இல்ல ஸார். இந்தப் படம் பார்த்தா தூக்கம் வராது."

"பேய்ப் படமா?"

"இன்ஷூரன்ஸ் படம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். கதையைச் சொல்கிறேன்.

ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். கர்டிஸ் என்று ஓர் ஆசாமி. வயது முப்பத்தைந்து. மணல் எடுக்கும் கம்பெனியில் துளை போடும் குழுவுக்குத் தலைவன். மனைவி சமந்தா தையல் வேலை செய்து, சந்தையில் கடை போட்டு விற்கிறாள். வருஷத்துக்கு ஒரு தரம் கடற்கரைக்குப் போய்வர வேண்டும் என்று அந்தக் காசைச் சேர்த்துவைக்கிறாள். ஒரு நாய். ஒரு வீடு. ஒரே பெண் ஹன்னா. காது கேட்காது.

கர்டிஸுடன் வேலை பார்க்கும் நண்பன் ஒரு நாள் அவனிடம் சொல்கிறான்: ஒருத்தன் வாழ்க்கையைப் பார்த்து 'நல்லா இருக்குப்பா'ன்னு சொல்ல முடிஞ்சா, அதுதான் அவனுக்குக் கிடைக்கிற பெரிய சர்ட்டிபிகேட். உனக்கு அந்த வாழ்க்கை கிடைச்சிருக்கு என்கிறான். சினிமாவில் இப்படி யாராவது சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த ரீலிலிருந்து எல்லாம் போகப் போகிறது.

கர்டிஸுக்குக் கனவுகள் வருகின்றன. பெரிய புயல். வானத்திலிருந்து மழைக்குப் பதிலாக எஞ்சின் ஆயில் மாதிரி பழுப்பாக எதுவோ சொட்டுகிறது. சொந்த நாயே கையைக் கடிக்கிறது. அடையாளம் தெரியாத ஆட்கள் காரை மறித்துக் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள் (கடத்தல் இருக்கிறது, ஆனால் கனவில் மட்டும்). கனவில் கடித்த நாயை, விடிந்ததும் நிஜத்தில் வேலி போட்டு அடைக்கிறான். கனவு கலைந்தாலும் கையில் வலி போவதில்லை. பிறகு விழித்திருக்கும்போதே இடிச் சத்தம் கேட்க ஆரம்பிக்கிறது.

ஒரு ராத்திரி குடும்பத்தோடு காரில் வருகிறான். மனைவியும் குழந்தையும் தூங்குகிறார்கள். அடிவானத்தில் மின்னல் கொடி கொடியாக இறங்குகிறது. காரை ஓரங்கட்டி இறங்கி நின்று பார்க்கிறான். இதை வேறு யாராவது பார்க்கிறீர்களா என்று தனக்குள் கேட்கிறான்.

பதில் சொல்ல ஆள் இல்லை. இந்தக் கேள்வியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். படம் முழுக்க அந்த மனுஷன் கேட்பது இது ஒன்றைத்தான்.

* * *

இப்போது நம்ம குழந்தைக்கு வருவோம்.

ஹன்னாவாக நடித்தவர் டோவா ஸ்டூவர்ட். அப்போது சின்னப் பெண். நிஜத்திலும் காது கேட்காதவர். இது சின்ன விஷயம் இல்லை. காது கேட்கிற நடிகர் ஒருவர் செவிடராக நடிக்கும்போது கையைத்தான் நடிக்கவைப்பார். விரல்கள் பரதநாட்டியம் ஆடும். நிஜமாகச் சைகையில் பேசுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். எதிராளியின் கையைப் பார்க்க மாட்டார்கள், முகத்தைப் பார்ப்பார்கள். அமெரிக்கச் சைகை மொழியில் புருவத்தைத் தூக்குவதும் சுருக்குவதும் இலக்கணத்தில் சேர்த்தி. கேள்விக்குறியே புருவத்தில்தான் இருக்கிறது.

இந்த ஒரு விஷயம் கதையை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள். கர்டிஸ் எல்லாரிடமும் பொய் சொல்கிறான். மனைவி கேட்டால், "தொண்டை கட்டியிருக்கு, வேறொண்ணுமில்லை" என்கிற மாதிரி சமாளிக்கிறான். குரலை வைத்துக்கொண்டு யாரையும் ஏமாற்றிவிடலாம். நாம் தினமும் மேனேஜரிடம் போனில் செய்வதுதான். ஆனால் வீட்டில் ஓர் ஆளிடம் மட்டும் குரல் செல்லாது. அந்த ஆள் முகத்தை மட்டுமே படிக்கிறாள். அந்த வீட்டில் கர்டிஸை முழுசாகப் பார்க்கிறவள் ஹன்னா ஒருத்திதான். அவள் பார்ப்பதை டைரக்டர் பெரிசு பண்ணவே இல்லை. குளோஸ்-அப் கிடையாது, வயலின் கிடையாது. குழந்தை பாட்டுக்கு விளையாடுகிறது, சாப்பிடுகிறது, தூங்குகிறது.

தூங்கும்போது ஒரு காட்சி. அப்பாவும் அம்மாவும் நின்று குழந்தையைப் பார்க்கிறார்கள். இவள் முழித்துக்கொள்ளக் கூடாதே என்று நான் இன்னமும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறேன் என்கிறான் அவன். நான்கூட இன்னமும் குசுகுசுவென்றுதான் பேசுகிறேன் என்கிறாள் அவள்.

காது கேட்காத குழந்தைக்கு!

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தாம்பத்தியத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது. கர்டிஸாக வரும் மைக்கேல் ஷானனுக்குப் பாறையைச் செதுக்கிப் பாதியில் விட்ட மாதிரி ஒரு முகம். சமந்தாவாக வரும் ஜெஸிகா சாஸ்டெய்ன் அந்த ஒரே வருஷத்தில் 'தி ட்ரீ ஆஃப் லைஃப்', 'தி ஹெல்ப்' என்று வரிசையாக வந்து உலகத்தை அசத்தியவர். இந்த இரண்டு பேரும் தங்கள் மொத்த சாமர்த்தியத்தையும் அந்த இரண்டு வரியில் வைத்துவிட்டார்கள். நடுவில் குழந்தை தூங்குகிறது. நடிப்பு என்றால் அதுதான் அங்கே நடிப்பு.

* * *

"இவ்வளவு பயங்கரமான படத்துல குழந்தையை நடிக்க விடலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஸ்டான்லி குப்ரிக் 'தி ஷைனிங்' எடுத்தபோது (படம் வந்தது 1980-ல்) பையனாக நடித்த டானி லாய்டிடம் இது திகில் படம் என்றே யாரும் சொல்லவில்லை. ஒரு குடும்பம் ஹோட்டலில் தங்குகிற கதை என்றுதான் பையன் நினைத்துக்கொண்டிருந்தான். பிற்பாடு சினிமாவே வேண்டாம் என்று பயாலஜி வாத்தியார் ஆகிவிட்டார். ஆஸ்திரேலியாவின் 'தி பாபாடூக்' (2014) படத்தில் அம்மா பையனைக் கண்டபடி திட்டும் காட்சிகள் உண்டு. டைரக்டர் ஜெனிஃபர் கென்ட் அந்த இடங்களில் பையனை அப்புறப்படுத்திவிட்டு, வளர்ந்த ஆள் ஒருவரை முட்டி போட்டு நிற்கவைத்து, அவரைத் திட்டச் சொல்லிப் படமெடுத்தார். திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம்! நம்மில் பல பேர் அதே வேலைதான் பார்க்கிறோம், நின்றுகொண்டு.

'டேக் ஷெல்ட்டர்' வேறு வழியில் போகிறது. பயம் முழுக்க அப்பாவின் கனவில் இருக்கிறது. விடிந்தால் குழந்தைக்குப் பள்ளிக்கூடம், சாப்பாடு. அப்பா அம்மா சைகை மொழி வகுப்புக்கும் போய்வருகிறார்கள். குழந்தை பயப்பட்டுக் காட்டுவதில்லை. குழந்தைக்காக நாம் பயப்படுகிறோம். இரண்டும் ஒன்றில்லை.

* * *

இன்ஷூரன்ஸுக்கு வருகிறேன்.

ஹன்னாவுக்கு ஓர் ஆபரேஷன் செய்யலாம். காக்ளியர் இம்ப்ளாண்ட். காது மிஷின் என்றால் சத்தத்தைப் பெரிசாக்கித் தரும். இது அந்த ஜாதி இல்லை. வெளியே காதோரம் ஒரு மைக். அது பிடிக்கிற சத்தத்தை மின் துடிப்பாக மாற்றி, தோலுக்கு அடியில் பொருத்திய கருவிக்கு அனுப்பும். அங்கிருந்து மெல்லிய கம்பி ஒன்று நத்தைக்கூடு மாதிரிச் சுருண்டிருக்கும் உள்காதுக்குள் போய், நரம்பை நேராகவே தட்டும். கெட்டுப்போன பகுதியைச் சுற்றிக்கொண்டு போகிற பைபாஸ் ரோடு. அமெரிக்காவில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு 1990-ல் அனுமதித்தார்கள். சுவிட்சைப் போட்டவுடன் பாட்டு கேட்டுவிடாது. மூளை பழக வேண்டும். அதனால்தான் சின்ன வயதிலேயே செய்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். (செவித்திறன் இல்லாமையை ஒரு நோயாகவே நினைக்காதவர்களும் அங்கே உண்டு. எங்களுக்கு ஒரு பாஷை இருக்கிறது, எங்களை ஏன் ரிப்பேர் செய்கிறீர்கள் என்பது அவர்கள் கட்சி. அந்தச் சண்டைக்குள் படம் போகவில்லை.)

செலவு? கையிலிருந்து கொடுத்தால் பல்லாயிரம் டாலர். ஆனால் கர்டிஸின் கம்பெனி இன்ஷூரன்ஸில் அது அடக்கம். சமந்தா நடையாய் நடந்து அனுமதி வாங்கிவிடுகிறாள்.

இங்கேதான் அமெரிக்காவின் ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். அங்கே உழைக்கும் வயதில் இருக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு வைத்தியக் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டு வருவது. வேலை போனால் அதுவும் போச்சு. வேலை போன பிறகும் கொஞ்ச காலம் நீடித்துக்கொள்ள 1986-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பெயர், கோப்ரா. விளையாட்டில்லை, நிஜமாகவே சுருக்கப் பெயர் அதுதான். 18 மாதம் வரை நீட்டிக்கலாம். ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும், 102 சதவீதம் வரை. அந்த 2 சதவீதம் நிர்வாகச் செலவு! பெரிய தப்பு செய்து நீக்கப்பட்டிருந்தால் அதுவும் கிடையாது. சம்பளம் நின்றுபோன மாதம் பார்த்துப் பிரீமியம் ஏறும். பாம்புப் பெயர் பொருத்தம்தான்.

இது தெரிந்தால் கர்டிஸ் அடுத்துச் செய்வதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும்.

வரப்போகிற புயலிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றக் கொல்லைப்புறத்து நிலவறையைப் பெரிதாக்கத் தீர்மானிக்கிறான். வீட்டுப் பேரில் கடன் வாங்குகிறான். யோசித்துச் செய்யப்பா என்று பாங்க் ஆசாமியே சொல்லியும் கேட்கவில்லை. கப்பலில் சரக்கு ஏற்றும் இரும்பு கன்டெய்னர் ஒன்றை வாங்கி மண்ணுக்குள் இறக்குகிறான். பள்ளம் தோண்ட, கம்பெனி இயந்திரத்தை (நாம் ஜேசிபி என்கிறோமே, அந்த ரகம்) லீவு நாளில் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருகிறான். ஆபீஸ் ஸ்டேப்ளரைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க. விஷயம் முதலாளி காதுக்குப் போகிறது. வேலை காலி. இன்ஷூரன்ஸ் காலி. ஆபரேஷன்? மனைவியிடம் சொல்கிறான். பளாரென்று ஓர் அறை விழுகிறது.

குழந்தையைக் காப்பாற்றத் தோண்டிய குழியில் குழந்தையின் காது விழுந்துவிட்டது.

நிக்கோல்ஸ் இந்தக் கதையை எழுதியது 2008-ல், கல்யாணமான புதிதில். அந்த செப்டம்பரில்தான் லேமன் பிரதர்ஸ் சரிந்து உலகம் முழுக்க வேலைகள் ஆட்டம் கண்டன. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எதுவோ வரப்போகிறது என்கிற பயம். மாதம் பிறந்தால் தவணை கட்டுகிற எவனுக்கும் இந்தப் பயத்துக்குச் சப்-டைட்டில் தேவையில்லை.

* * *

கர்டிஸ் முட்டாள் இல்லை. தனக்கு என்னவோ ஆகிறது என்று அவனுக்கே தெரியும். லைப்ரரியிலிருந்து மனநோய் பற்றிய புத்தகம் எடுத்துவந்து, பின்பக்கத்தில் இருக்கும் கேள்வித்தாளைத் தானே பூர்த்தி செய்து, தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்கிறான். ஒரு கையில் அந்தப் புத்தகம், இன்னொரு கையில் மண்வெட்டி. புயல் வந்தாலும் தயார், பைத்தியம் வந்தாலும் தயார். இப்படி இரண்டு பக்கமும் பந்தயம் கட்டுகிற கதாநாயகனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

காரணம் அவன் அம்மா. முப்பதுகளில் அவளுக்கு ஸ்கிட்ஸோஃப்ரீனியா வந்தது. பத்து வயசு கர்டிஸைக் கடை வாசலில் காரில் விட்டுவிட்டுப் போனவள் திரும்பவே இல்லை. பிறகு வேறு மாநிலத்தில், குப்பைத்தொட்டியில் எதையோ பொறுக்கித் தின்றுகொண்டிருந்தபோது கண்டுபிடித்தார்கள். பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வரக்கூடிய வியாதி இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மீதி 90 சதவீதம் வராது என்பதை வீட்டில் அதைப் பார்த்தவன் மனசு ஒப்புக்கொள்ளாது.

அவன் பயம் புயல் அல்ல. என் பிள்ளையையும் நான் ஒரு நாள் காரில் விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்பதுதான். போகவே மாட்டேன் என்று தனக்குள் சத்தியம் செய்துகொண்டவன் அவன்.

ஒரு ராத்திரி நிஜமாகவே அபாயச் சங்கு ஊதுகிறது. மூன்று பேரும் நிலவறைக்குள் இறங்கி, வாயு முகமூடி மாட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். காலையில் சத்தம் ஓய்ந்துவிட்டது என்கிறாள் சமந்தா. இன்னும் கேட்கிறது என்கிறான் அவன். கதவை அவளே திறந்துவிடலாம். திறக்கவில்லை. நான் திறந்தால் எதுவும் மாறாது, நீதான் திறக்க வேண்டும் என்கிறாள். குழந்தை பக்கத்தில். ஒருத்தருக்குக் கேட்காத புயல், ஒருத்தருக்கு மட்டும் கேட்கிற புயல், எந்தச் சத்தமுமே கேட்காத ஒரு பிள்ளை. மூன்று பேருக்கும் நடுவில் ஒரு பூட்டு. கடைசியில் அவன் திறக்கிறான். வெளியே பளீரென்று வெயில். ஒடிந்த கிளைகளை அக்கம்பக்கத்தார் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

* * *

படம் பார்க்காதவர்கள் இங்கே இறங்கிக்கொள்ளலாம். இனி கடைசிக் காட்சி.

டாக்டர் சொல்லிவிட்டார்: சிகிச்சைக்காகக் கொஞ்ச நாள் குடும்பத்தை விட்டுத் தள்ளியிருக்க வேண்டும். எதற்குப் பயந்தானோ அதேதான். அதற்கு முன்னால் திட்டமிட்டபடி கடற்கரைக்குப் போய்வாருங்கள் என்கிறார். தென் கரோலைனாவின் மர்ட்டில் பீச். அப்பாவும் பெண்ணும் மணல்வீடு கட்டுகிறார்கள். அப்பா கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். ஹன்னா நிமிர்ந்து பார்க்கிறாள். கையைத் தூக்கிச் சைகை செய்கிறாள்.

'புயல்.'

அவ்வளவுதான் டோவா ஸ்டூவர்ட்டின் பெரிய சீன். ஒரே சொல், அதுவும் கையால். அலறல் இல்லை, "அப்பா" என்று ஓட்டம் இல்லை. நாய்க்குட்டியைக் காட்டுகிற மாதிரிக் காட்டுகிறாள். பிறகுதான் அப்பா திரும்புகிறான். அம்மா வெளியே வருகிறாள். அவள் கையில் பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு விழுகிறது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைக்கிறார்கள். முடிந்தது.

என்ன அர்த்தம்? பார்த்தவர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். புயல் நிஜம், அவன் தீர்க்கதரிசி என்பது ஒரு கட்சி. இதுவும் கனவு என்பது இன்னொன்று. வியாதி பெண்ணுக்கும் வந்துவிட்டது என்று மூன்றாவது. ஒருவர் பிரமை வீட்டிலிருக்கும் மற்றவருக்கும் தொற்றுவதுண்டு; இரண்டு பிரெஞ்சு டாக்டர்கள் 1877-லேயே அதை விவரித்து எழுதிவைத்திருக்கிறார்கள். பக்கத்து சீட்காரரிடம் கேட்டேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டிருந்தார்.

"புயலோ பொய்யோ, எனக்குத் தெரியாது ஸார். அந்தப் பொண்ணு கையைத் தூக்கினதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஏன்னு தெரியலை" என்றார்.

எனக்குத் தெரியும். இதை வேறு யாராவது பார்க்கிறீர்களா என்று ஒரு மனுஷன் நடுரோட்டில் நின்று கேட்டான் அல்லவா? மனைவி தூங்கினாள், நண்பன் முறைத்துக்கொண்டான், ஊர் மிரண்டது, டாக்டர் மாத்திரை எழுதினார். இடிச் சத்தமே கேட்காத ஒருத்தி மட்டும், நான் பார்க்கிறேன் என்று கையைத் தூக்கினாள். புயல் நிஜமோ பொய்யோ, அதற்குப் பிறகு அவன் தனியாக இல்லை. பயத்தில் பாதி, தனியாகப் பயப்படுவதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவகாசம் கிடைத்தால் படத்தைப் பாருங்கள். கூடவே, உங்கள் குரூப் இன்ஷூரன்ஸ் காகிதம் எந்த டிராயரில் இருக்கிறது என்பதையும்.